இழுவைப் பாட்டு

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு வந்து சேர்ந்தவர்களில், மாற்றுச் சாரம்கூட இல்லாமல் ஒரு சாக்ஸபோனை மட்டும் காவிக்கொண்டு வந்த பிறவி லியோன் ஒருவன்தான். காங்கேசன்துறையில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுப் படலையைத் திறந்தான். மனைவி சிசிலியா முதலில் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடிந்த பிறகுதான் அவன் கையிலிருந்த கறுத்தப் பெட்டியைக் கண்டாள்.

"சனம் உயிரைப் பிடிச்சுக்கொண்டு ஓடேக்கை நகைநட்டைத் தூக்கும், உடுப்பைத் தூக்கும். நீங்கள் உந்த வளைஞ்ச குழலைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறியள். நல்லாயிருக்கு, போங்கோ!"

 ஊதத் தெரிந்ததில் காற்பங்குகூட லியோனுக்குக் கதைக்கத் தெரியாது. கதைக்க வேண்டிய இடத்தில் தலையைச் சொறிவான். அன்றைக்கும் சொறிந்தான்.

கொழும்பில் அவன் வேலை செய்தது கடற்கரையோரத்தில் இருந்த பெரிய ஹோட்டல் ஒன்றின் பாண்டில். நாலு பேர் கூடித் தட்டுகிற சும்மா பாண்ட் இல்லை அது. பதினாறு பேர், எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு. பின்வரிசையில் ட்ரம்பெட், நடுவில் ட்ரொம்போன், முன்னுக்குச் சாக்ஸபோன்காரர் ஐந்து பேர். சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரரும் பணக்காரரும் ஆடிக் களைத்துப்போன நேரம் பார்த்து மெதுவான பாட்டொன்று வரும். பாண்ட் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்கி, நீள நீளமான சுரங்களைப் பிடித்தபடி நிற்கும். அப்போது லியோன் கதிரையை விட்டு எழும்புவான். மற்றப் பதினைந்து பேரும் அடியில் தாங்கிக்கொண்டிருக்க, அவனுடைய சாக்ஸபோன் மட்டும் தன் பாட்டில் நடந்து போகும். அதில் அவசரமே கிடையாது. ஒரு சுரத்தில் போய் நின்று, யோசித்து, மனம் வராமல் அடுத்ததற்குப் போகும். ஆடிக்கொண்டிருந்த சோடிகள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பிடித்தபடி நின்றுவிடுவார்கள்.

கலியாணம் முடித்த புதிதில் சிசிலியா கொழும்புக்குப் போயிருந்தபோது வயிற்றில் பிள்ளை. சமையல்காரர் தட்டுகளோடு போய்வருகிற கதவடியில் அவளை நிற்க வைத்து அந்தப் பாட்டைக் கேட்கச் செய்தான்.

"நித்திரை வருது," என்றாள் அவள். பிறகு அவனுடைய முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "ஆனால் பிள்ளை உதைச்சது. அதுக்குப் பிடிச்சிருக்குப் போலை," என்றாள்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டால், அவளின்ரை கலியாணத்துக்கு இதைத்தான் வாசிப்பன்," என்றான் லியோன். அவன் வாழ்நாளில் யோசிக்காமல் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். பிறந்தது யோசப்பின். சிசிலியா பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதும் தலை இழுத்துப் பின்னும்போதும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அதனால் தனக்கு நகை இருக்குமோ இல்லையோ, தன் கலியாணத்துக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்று யோசப்பினுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

குருநகரில் வேதக் கோயில் பாண்ட் இல்லாமல் எதுவும் நடக்காது. திருநாள் சுற்றுப்பிரகாரத்துக்கும் பாண்ட், கலியாண ஊர்வலத்துக்கும் பாண்ட், செத்தவரின் பெட்டியைச் சவக்காலைக்குக் கொண்டுபோகவும் பாண்ட். லியோன் அதிலே சேர்ந்துகொண்டான். இரண்டு ட்ரம்பெட், ஒரு கிளாரினெட், மிச்சமெல்லாம் மேளம். நடந்துகொண்டே வாசிக்கிற பாட்டுகள்தான் அவர்களுக்கு வாலாயம். நின்று, அடியில் தாங்கி, மூச்சை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதனால் அந்த மெதுவான பாட்டை லியோன் பின்னேரங்களில் வீட்டுக் கிணற்றடியில் இருந்து தனியாகவே வாசித்தான். தாங்க ஆளில்லாத பாட்டு, பாதிப் பாட்டுத்தான். அந்தக் குறை அவனுக்குள் கிடந்து அரித்தது.

வேலிக்கு அங்காலே லூர்த்தம்மா வீடு. அவளுடைய மகன் சிமியோன் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பான்.

"லியோன் அண்ணை, உந்த இழுவைப் பாட்டை ஒருக்கா இழுங்கோவன். கை தானாய் ஓடும்," என்பான். பேர் வைத்தவன் அவன்தான். அன்றிலிருந்து ஊருக்கு அது இழுவைப் பாட்டு.

எண்பத்தாறில் சிமியோன் கடலில் நேவியின் சூடு பட்டுச் செத்தான். கரைக்குக் கொண்டுவந்த உடலை யாரையும் நெடுநேரம் பார்க்க விடவில்லை. லூர்த்தம்மா அழக்கூட இல்லை. பெட்டி மூடுகிற நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே லியோனிடம் வந்தாள்.

"அவனுக்கு அந்த இழுவைப் பாட்டை வாசி, தம்பி. கோயில் பாட்டு ஒண்டும் வேண்டாம். அவன் கேட்டது அதைத்தான்."

பெட்டி குழிக்குள் இறங்கியதும் லியோன் வாசித்தான். சவக்காலை முழுக்கச் சனம். பாட்டு ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று போக, அதுவரை கல்லாய் நின்ற லூர்த்தம்மா வாய்விட்டுக் கதறினாள். பாட்டு முடிந்த பிறகுதான் சனம் குனிந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப் போட்டது.

அதோடு முடிந்திருந்தால் லியோன் பிழைத்திருப்பான். அடுத்த செத்தவீட்டுக்காரரும் வந்து கேட்டார்கள். அதற்கடுத்தவர்களும் கேட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறவனுக்கு மாட்டேன் என்று சொல்ல எந்தக் கொம்பனால் முடியும்? லியோன் போனான். போகப் போக அதுவே முறையாகிவிட்டது. பெட்டி இறங்கும், இழுவைப் பாட்டு தொடங்கும், முடியும், ஒரு பிடி மண். அந்த வருஷங்களில் குருநகரில் சாவுக்கா பஞ்சம்? சூடு பட்டுச் செத்தார்கள், ஷெல் விழுந்து செத்தார்கள், மருந்தில்லாமல் செத்தார்கள். மனப்பாடம் செய்யாமலே ஊர் முழுக்க அந்தப் பாட்டு மனப்பாடம். பெண்கள் அதன் அடியில் நீளமாய் முனகி அழப் பழகியிருந்தார்கள்.

பிறகுதான் வினை வந்தது. ஒருநாள் பின்னேரம் ஆசைக்கு அதைக் கிணற்றடியில் வாசித்தான். நாலு வீட்டுப் பெண்கள் குசினியை விட்டு ஓடிவந்து சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஐயோ, ஆர் மோசம் போனது?"

"ஒருத்தருமில்லை. சும்மா..."

"சும்மாவோ! உங்களுக்கு விசரே? எங்கடை ஆம்பிளையள் கடலுக்கை நிக்கினம்!"

மறுநாள் கரையில் இரண்டு வள்ளங்கள் தள்ளாமலே கிடந்தன. கோயில் மூப்பர் வந்து, சவக்காலை தவிர வேறெங்கும் அந்தப் பாட்டு வேண்டாம் என்று பண்பாகச் சொல்லிவிட்டுப் போனார். லியோன் தலையைச் சொறிந்தான். காதலர் கட்டிப்பிடித்து நின்று கேட்ட பாட்டு! அதைச் சனமே பறித்துக்கொண்டு போய்ச் சவக்காலையில் வைத்துவிட்டது என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் யாரைப் பிழை சொல்ல? கொடுத்தவனும் அவன்தான்.

வீட்டில் வாசிக்காமல் விட்டான். ஒருவகையில் அதுவும் நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் சாக்ஸபோனின் வாயில் வைக்கிற நாணல் தகடு, ரீட், அதுவும் அரசாங்கம் போட்ட பொருள் தடையில் அகப்பட்டுக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயே வராதபோது ரீட் எங்கே வரும்? இணுவிலில் நாதஸ்வரக்காரர் ஒருவர் மனமிரங்கி உள்ளூர் நாணலில் ஒன்று சீவித் தந்தார். ஊதிப் பார்த்தால் ஆடு கத்தியது. கடைசியாய் இருந்த ஒரு நல்ல ரீட்டைப் பவுடர் டின்னுக்குள் வைத்துச் சிசிலியாவின் சேலைகளுக்கு அடியில் பூட்டினான். அது யோசப்பினின் கலியாணத்துக்கு; சவக்காலைக்குத் தேய்ந்த பழசுகளே போதும்.

யோசப்பினுக்கு இருபத்துநாலு வயதாகையில் கலியாணம் பொருந்தியது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. மாப்பிள்ளை கனிசியஸ், வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான இன்னாசித்தம்பிச் சம்மாட்டியாரின் இரண்டாவது மகன். இரண்டு பேரும் விரும்பினார்கள், இரண்டு வீடும் தலையாட்டியது. கோயிலில் கலியாண ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் இன்னாசித்தம்பி தனியாக வந்தார். தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சம்மந்தி, உங்கடை பாட்டுக் கதை எனக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொன்ன வாக்கும் தெரியும். கனிசியஸ் சொன்னவன்."

லியோன் தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்ரை மூத்தவனை அந்தப் பாட்டோடைதான் குழிக்கை வைச்சனான். நீங்கள்தான் வாசிச்சனீங்கள். நான்தான் வந்து கேட்டனான், மறக்கேல்லை. அந்தப் பாட்டு முடியேக்கை நான் மண் எடுத்துப் போட்டனான். அதையே ரெண்டாமவனின்ரை கலியாணத்திலும் நான் கேக்க வேணுமோ? சொல்லுங்கோ."

பெரிய உடம்புக்காரர், கடலில் ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்கியவர், ஆறிப்போன கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மண்டைக்கனத்தில் தடுக்கிற ஆளென்றால் லியோனும் ஒரு கை பார்த்திருப்பான். இது அப்படியில்லை.

"வாசிக்க மாட்டன்," என்றான். "நீங்கள் சொல்லாமல் வாசிக்க மாட்டன். சத்தியம்."

யோசப்பின் அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவர் போன பிறகு வெளியே வந்தாள்.

"நான் வயித்துக்கை இருக்கேக்கை எனக்குத் தந்த வாக்கப்பா அது. ஊரிலை செத்தவை எல்லாருக்கும் வாசிச்சியள். உயிரோடை இருக்கிற எனக்கு ஒருக்கா வாசிக்க ஏலாது, என்ன?"

அவள் சத்தம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. மெதுவாய்த்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவனோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். 

கலியாணத்தைக் கார்த்திகையில் வைத்திருந்தார்கள். ஐப்பசி முடிகிற மழையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று ஒழுங்கை ஒழுங்கையாய் வந்தது. ஆமி வருகிறது, எல்லாரும் உடனே வெளிக்கிடுங்கள் என்றது. ஊர் முழுக்க ஒரே றோட்டில் இறங்கியது. வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிய சிசிலியா கேட்ட முதல் கேள்வி:

"குழல் பெட்டியை எடுத்தனீங்களோ?"

லியோன் அவளைப் பார்த்தான். அவளோ அந்தப் பவுடர் டின்னை ஏற்கெனவே இடுப்பில் செருகியிருந்தாள். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நசுங்கி, சேற்றில் இழுபட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். பாண்ட்காரர் மேளங்களையும் ட்ரம்பெட்டுகளையும் கோயிலிலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்கள்.

கொடிகாமத்தில் இரத்தினம்மா என்ற சைவக்கார அம்மா தன் தென்னங்காணிப் படலையைத் திறந்துவிட்டாள். புருஷன் செத்துச் சில வருஷமாம். பெரிய வீடும் பெரிய வளவும், மாட்டுக்கொட்டிலும் இருந்தன. குருநகரார் பத்துப் பன்னிரண்டு குடும்பம் அதற்குள் அடங்கிவிட்டது. லியோன் வீட்டார் விறாந்தையில், இன்னாசித்தம்பி வீட்டார் கொட்டிலுக்குப் பக்கத்தில், லூர்த்தம்மா குசினித் தாழ்வாரத்தில். மழையில் கிடந்த சனத்துக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றி ஊற்றி இரத்தினம்மாவின் கை கொப்பளித்தது.

"கலியாணத்தைத் தள்ளிவைப்பம்," என்றார் இன்னாசித்தம்பி.

"ஏன் தள்ளுவான்? நாளைக்கு ஆர் இருக்கிறது ஆர் போறது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள் இரத்தினம்மா. "உங்கடை கோயில் இஞ்சையும் இருக்குத்தானே. சாப்பாடு என்ரை வளவிலை."

குறித்த நாளிலேயே நடத்துவதென்று முடிவாயிற்று. அதற்கு முதல் கிழமை, குருநகர்ச் சனம் எல்லாம் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கப் போயிருந்த ஒரு மத்தியானம், லியோன் சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு காணியின் கடைசி மூலைக்குப் போனான். ஊர்வலப் பாட்டாவது வாசிக்க வேண்டுமே, ஈரத்தில் ரீட் என்ன கதியோ என்று பார்க்கத்தான் போனான். வைத்து ஊதினால், வந்தது வேறு. விரல்கள் தாமாகவே போயின. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, முன்னால் குழி இல்லாமல், அவன் அந்தப் பாட்டைக் கடைசிவரை வாசித்தான்.

திரும்பிப் பார்த்தால், இரத்தினம்மா புல்லுக்கட்டோடு நிற்கிறாள். லியோன் குழலைச் சட்டென்று கீழே இறக்கினான்.

"என்ன வடிவான பாட்டு!" என்றாள். "எனக்கு என்ரை மனிசன் கலியாணம் முடிச்சு என்னை இந்த வளவுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நாள் ஞாபகம் வந்திட்டுது. மனுசன் வெக்கத்திலை ஒரு கதையும் இல்லை, பக்கத்திலை மெல்ல மெல்ல நடந்து வந்தவர். இது கலியாணப் பாட்டே, தம்பி?"

சிலுவை போடாமல், யார் செத்தது என்று கேட்காமல், அந்தப் பாட்டை ஒருவர் கேட்டிருக்கிறார். லியோனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஓம்," என்றான். "கலியாணப் பாட்டுத்தான்."

கலியாணம் நடந்தது. கோயிலிலிருந்து வந்து வளவுக்குள் எல்லாரும் கூடினார்கள். யோசப்பின் இரவல் சேலையில் இருந்தாள். முகம் வடிவாய்த்தான் இருந்தது, தகப்பன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. தன் சைவ முறைக்கு இரத்தினம்மா ஒரு தட்டில் அறுகரிசி வைத்திருந்தாள். அறுகம்புல்லும் அரிசியும் கலந்து, மணமக்களின் தலையில் போட்டு வாழ்த்துகிற அரிசி. வேதக்காரருக்கு அப்படி வழக்கமில்லை என்று அவளிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. லியோன் இரண்டு ஊர்வலப் பாட்டு வாசித்துவிட்டுக் குழலை மடியில் வைத்தான்.

"அதென்ன, நிப்பாட்டிப்போட்டியள்?" என்றாள் இரத்தினம்மா. "அண்டைக்கு அந்த மூலையிலை வாசிச்ச கலியாணப் பாட்டு எங்கை?"

லியோன் தலையைச் சொறிந்தான். "அது... வேண்டாம் அக்கா."

"ஏன் வேண்டாம்? அவ்வளவு ஆறுதலாய், புதுப் பொம்பிளை மாப்பிள்ளை கைபிடிச்சு நடக்கிற மாதிரி ஒரு பாட்டு! நான் அண்டையிலையிருந்து அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். இண்டைக்கு வாசிக்காமல் வேறை எண்டைக்கு வாசிக்கிறது?"

குருநகர்ச் சனம் அத்தனைக்கும் எந்தப் பாட்டென்று விளங்கிவிட்டது. ஒருத்தி சட்டென்று வாயைப் பொத்தினாள். லூர்த்தம்மா நிலத்தைப் பார்த்தாள். கஞ்சி ஊற்றிய அந்த அம்மாவிடம், அது செத்தவீட்டுப் பாட்டு என்று யார் வாய் திறந்து சொல்வது? லியோன் இன்னாசித்தம்பியைப் பார்த்தான். சத்தியம் அவரிடம் இருந்தது. அவர் வாசிக்கச் சொன்னால் மட்டுமே வாசிக்கலாம். அவரோ இரத்தினம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டு... உங்களுக்கு அப்பிடியோ கேட்டது, தங்கச்சி?" என்று கேட்டார்.

"பின்னை எப்பிடிக் கேக்கும்?" என்றாள் அவள்.

இன்னாசித்தம்பி லியோன் பக்கம் திரும்பினார். 

"வாசியுங்கோ, சம்மந்தி," என்றார். "இந்த வளவிலையிருந்து அந்தப் பாட்டு ஒருத்தரையும் கொண்டு போகேல்லை."

லியோன் எழும்பினான். கொழும்பில் எழும்புவது போலவே எழும்பினான். முதல் சுரம் உடைந்து வந்தது. இரண்டாவது நின்றது. குருநகர்ச் சனம் ஒவ்வொருவராய் இருக்கையை விட்டு எழும்பியது. பெட்டிக்கு முன்னால் நிற்பது போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.  மகளின் கலியாணத்தைச் சவக்காலையாக்கிவிட்டேனோ என்று லியோன் நினைத்தான். அப்போது லூர்த்தம்மா முனகத் தொடங்கினாள். ஒரு சுரம், நீளமாய், அடியில். பக்கத்தில் நின்றவளும் அதைப் பிடித்தாள். பிறகு ஆம்பிளைகளும் சேர்ந்தார்கள். இத்தனை வருஷமும் இத்தனை குழிகளுக்கு முன்னால் நின்று பழகிய சனம், எங்கே இறங்குவது, எங்கே நிற்பது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே தாங்கியது. கண்ணால் தண்ணீர் ஓட ஓடத் தாங்கியது. பதினைந்து பேர் கொண்டு ஹோட்டல் தந்ததைவிடப் பெரிய பாண்ட் அவனுக்குப் பின்னால் நின்றது. லியோன் கண்ணை மூடிக்கொண்டு நடந்து போனான்.

கண்ணைத் திறந்தபோது யோசப்பின் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கனிசியஸின் கையைப் பிடித்திருந்தாள். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள்.

கடைசிச் சுரம் ஓய்ந்தது. ஒருவரும் அசையவில்லை. இன்னாசித்தம்பி மட்டும் குனிந்தார். பழக்கதோஷம், பாட்டு முடிந்தால் கை தானாய்ப் போகிறது. காலடியில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. முன்னால் குழி இல்லை. மகனும் மருமகளும் நின்றார்கள். மனுசனின் முகம் வெளிறிவிட்டது. 

"ஐயோ அண்ணை, மண்ணை ஏன் அள்ளுறியள்?" என்று இரத்தினம்மா ஓடிவந்தாள். அவருக்கு அரிசி எட்டவில்லை என்றுதான் பாவம் அவள் நினைத்தாள். அவருடைய கையை உரிமையோடு தட்டி மண்ணை உதிர்த்தாள், சேலைத் தலைப்பால் துடைத்தாள், தட்டிலிருந்து அறுகரிசியை அள்ளி அந்தக் கை நிறைய வைத்தாள். "இந்தாங்கோ. பிள்ளையளின்ரை தலையிலை போடுங்கோ."

இன்னாசித்தம்பி அரிசியைப் பார்த்தார். யோசப்பினின் தலையில் கொஞ்சம் போட்டார், கனிசியஸின் தலையில் கொஞ்சம் போட்டார். கையில் இன்னும் மிச்சம் இருந்தது. அதைக் கீழே கொட்டாமல் பொத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சட்டைப் பையைத் திறந்து உள்ளே போட்டார்.

"அது ஆருக்கண்ணை?" என்றாள் இரத்தினம்மா.

"என்ரை மூத்தவனுக்கு," என்றார்.